மீனுக்குப் பின்னால் தெரிந்த கரை

சர்வரின் கடவுச்சொற்கள் மூடிய உறையில் இருக்கின்றன. பொறுப்பை ஒப்படைக்கும் கைமாற்றுக் கோப்பில் பதினேழு இனங்கள் உள்ளன. எந்தச் செயலி எந்த வட்டில் இருக்கிறது, காப்புப்படி எப்போது எடுக்கப்படுகிறது, மின்சாரம் போனால் எதை முதலில் அணைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிசையாக உண்டு. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. கோப்பின் எந்தத் தலைப்பிலும் அடங்காத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். திங்கட்கிழமை, என் இடத்துக்கு வரும் நீங்கள் இருவரும் இந்த நாற்காலிகளில் வந்து உட்காருவதற்கு முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

எனக்கு முப்பத்தொரு வயது. “பென்ஷன் வாங்குத ஆளு மாதிரி எழுதுதியளே, சேச்சி” என்று ஷைனி சிரித்தாள். உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை அவளுடையது. இனியும் அவள்தான் பார்ப்பாள். ஆனால் இந்தச் சர்வரைத் தொடக்கத்திலிருந்து ஆறு வருடம் பார்த்துக்கொண்டது நான் ஒருத்திதான். ஆகவே இங்கே ஓய்வு பெறுகிறவள் என்று யாராவது இருந்தால் அது நானே.

அமரவிளையில் பழைய சோதனைச்சாவடிக்கு எதிரே, மாடியில், இந்த இரண்டு அறைகளில் நாம் நடத்துவது என்ன என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். நான் சொல்லும் பதில் இது. பெரிய நிறுவனங்களின் தளங்களில் எல்லோருடைய படங்களும் ஒரே கிடங்கில் போய்ச் சேரும். நாம் இருக்கும் வலையில் கிடங்கு என்று ஒன்று கிடையாது. எங்கெங்கோ சிறுசிறு சர்வர்கள், ஒவ்வொன்றையும் நம்மைப் போல யாரோ சிலர் நடத்துகிறார்கள். எல்லாம் ஒரே விதிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நம்மிடம் கணக்கு வைத்திருப்பவரை வேறு நாட்டுச் சர்வரில் இருப்பவர் பின்தொடரலாம். எல்லாவற்றுக்கும் மேலே முதலாளி என்று ஒருவரும் இல்லை. சாதாரண நாளில் இது நல்ல விஷயம். ஏதாவது தவறிப்போகும் நாளில், போய் முறையிடவும் ஒருவரும் இல்லை.

நம்மிடம் ஓடுபவை நான்கு செயலிகள்.

படச் செயலி. குன்னத்துகாலில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர்கள் இதில்தான் இருக்கிறார்கள். ஒரு படத்தை ஏற்றினால், பின்தொடர்பவர்களின் சர்வர் ஒவ்வொன்றுக்கும் அதன் நகல் போய்விடும்.

வீடியோ செயலி. கோப்பு நம்மிடமே இருக்கும். மற்றவர்களுக்கு இணைப்பும், வீடியோவின் நடுவிலிருந்து தானாக எடுக்கப்பட்ட ஒரு முன்தோற்றப் படமும் மட்டும் போகும். பார்ப்பவர்கள் அதிகமானால் நட்புச் சர்வர்கள் சில, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு நம் பாரத்தைக் குறைக்கும்.

குறும்பதிவுச் செயலி. இதில் எழுத்துதான் அதிகம். ஆனால் மற்றச் செயலிகளில் நடப்பதெல்லாம் இங்கே வந்து எட்டிப்பார்க்கும்.

ஒலிச் செயலி. பாறசாலையில் ஒரு டியூஷன் ஆசிரியை பாடங்களைப் பேசி ஏற்றுகிறார். வேறு பெரிய நடமாட்டம் கிடையாது.

ஒவ்வொரு செயலியையும் நான் இரண்டு கேள்விகளால் அளந்து வைத்திருந்தேன். எவ்வளவு இடம் பிடிக்கிறது? நகல் எங்கே போகிறது? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு என்பது பிலோமி அக்காவின் வீடியோ வரும்வரை எனக்குத் தெரியாது.

பிலோமி அக்கா காஞ்சிரங்குளத்துக்கு மேற்கே கடற்கரையைச் சேர்ந்தவர். காலையில் அமரவிளைச் சாலையோரத்தில் மீன் விற்பார். அவருடைய கணவர் லாசர் அண்ணன் சின்ன வள்ளத்தில், கூட ஒரே ஒரு ஆளோடு, தூண்டில் போடப் போகிறவர். கரைக்குத் திரும்பும் வழியில் போனில் சிக்னல் கிடைத்ததும் அன்றைய மீனைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்புவார். அக்கா அதை ஏற்றுவார். வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். இதை முதலில் அவர் ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில்தான் செய்துகொண்டிருந்தார். அது படத்தைத் தனக்குத் தோன்றிய நேரத்தில் ஆட்களுக்குக் காட்டியது.

“நேத்தத்த மீனுக்கு இன்னைக்கு ஆளு வாறானுவ, மக்கா. அது எங்கன்னு கேக்கானுவ. நான் என்னத்த காட்டட்டு? முள்ளையா?”

நம் செயலியில் வந்த வரிசையிலேயே காட்டும் என்றேன். அது அவருக்குப் போதுமாக இருந்தது. ஆனால் கணக்குத் தொடங்கிய அன்றே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எனக்க மாப்பிள எங்க நிண்ணு பிடிக்காருன்னு இதுல ஆருக்காவது தெரியுமா?”

அந்தக் கேள்வியின் கனத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கடலுக்கடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் இருக்கின்றன. கடற்கரையில் அவற்றைப் பார் என்பார்கள். தூண்டில்காரர்களுக்கு மீன் அங்கேதான். லாசர் அண்ணன் போகும் பார், அவருடைய அப்பா பல வருடம் தேடிக் கண்டுபிடித்தது. வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்து ஒரே ஒருவர் அங்கே வந்து, கையிலிருக்கும் ஜிபிஎஸ் கருவியில் பொத்தானை அமுக்கிவிட்டால் போதும். அதன் பிறகு அது ஊர்ப் பொது. பத்து வள்ளம் வந்தால் ஒரு வாரத்தில் காலியாகிவிடும். நிலமோ பத்திரமோ இல்லாத ஒரு குடும்பத்தின் சொத்து அது.

நான் முறையாகச் சோதித்தேன். படங்களுக்குள் போன் எழுதிவைக்கும் இடக்குறிப்பு அழிகிறதா, மூலக் கோப்பைத் தரவிறக்கினால் அதில் மிச்சம் இருக்கிறதா, நகல்களில் இருக்கிறதா, நேரக்குறிப்பு தெரிகிறதா, வீடியோவிலும் இதே போலா. ஐந்து சோதனை, ஐந்து டிக். யாருக்கும் தெரியாது அக்கா, தைரியமாகப் போடுங்கள் என்று சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை.

ஒரு வருடம் எல்லாம் சரியாகப் போயிற்று. வள்ளத்தின் அடிப்பலகையில் கிடக்கும் மீன்களின் படங்கள் தினமும் வந்தன. பிறகு ஒரு புதன்கிழமை லாசர் அண்ணனுக்கு ஒரு கலவா மீன் கிடைத்தது. கை நீளம். சந்தோஷத்தில் அவர் அன்று படமெடுக்கவில்லை, மீன் ஏறிய இடத்தில் நின்றே வீடியோ எடுத்தார். மீனைத் தூக்கிக் காட்டி, பின்னணியத்தில், வள்ளத்தின் பின்முனையில், நிற்கும் கூட்டாளியை நோக்கிப் போனைத் திருப்பி, அவர் சிரிப்பதைக் காட்டி, மறுபடி மீனுக்கு வந்தார். முப்பத்தெட்டு நொடி. அக்கா அதை வீடியோ செயலியில் ஏற்றினார். அதிலிருந்தே ஒரு காட்சியை நிறுத்திப் பிடித்து, படச் செயலியிலும் போட்டார். குறும்பதிவுச் செயலியிலும் அது வழக்கம்போலத் தானாக வந்து எட்டிப்பார்த்தது.

பதினொரு மணிக்கு இருவரும் மாடி ஏறி வந்தார்கள். லாசர் அண்ணனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உப்பு காய்ந்த சட்டை. குரல் உயரவில்லை.

“நீயாக்கும் இத பாத்துக்கிடுத ஆளு?”

“ஆமாண்ணே.”

“எங்க நிக்கேன்னு தெரியாதுன்னு இவளுக்கு நீ சொன்னியா?”

“சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்லுவேன். வீடியோவுக்குள்ள இடம் இல்ல. நான் சோதிச்சுப் பாத்ததாக்கும்.”

“உள்ள எதுக்கு பிள்ளே இருக்கணும்? பொறத்த கெடக்குல்லா.”

என் திரையில் வீடியோவை ஓடவிட்டு, ஐந்தாவது நொடியில் நிறுத்தச் சொன்னார். மீன் பெரிதாகத் தெரிந்தது. அவர் விரல் மீனைத் தொடவில்லை. மீனுக்கு மேலே, அடிவானத்தில் மங்கலாக இருந்த கரையைத் தொட்டது.

“இந்தா பள்ளிக்க மணிக்கூண்டு. அதுக்கு நேரே பொறத்த மலைக்க முனை. ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு நிக்குதா? அது ஒரு கோடு. இனி அவன் சிரிக்க எடத்துக்குப் போ.”

போனேன். இருபதாவது நொடி.

“இங்க வேற ரெண்டு. அது ரெண்டும் நேரே நிக்கு. அது ரெண்டாவது கோடு. ரெண்டு கோடும் எங்க முட்டுதோ அங்கயாக்கும் நான் நிக்கேன். இது கணிச்சம். எங்க கடப்புறத்துல இத வாசிக்காத ஆளு கெடையாது.”

கணிச்சம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். எந்த மணிக்கூண்டு, எந்த மலை, மற்ற இரண்டும் எவை என்று இங்கே எழுதப்போவதில்லை.

பிலோமி அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். “நான் மீனையாக்கும் பாத்தேன். கரைய ஆரு பாத்தா?”

அவர் கடற்கரையில் பிறந்தவர். நான் குன்னத்துகாலில் பிறந்தவள். கடல் எனக்கு ஒரு மணி நேரத் தூரம், அவருக்கு வாசல். ஆனாலும் கடலிலிருந்து பார்த்தால் கரை எப்படி இருக்கும் என்பதை எங்கள் இருவரில் ஒருவரும் பார்த்ததில்லை. பெண்கள் வள்ளம் ஏறுவதில்லை. கேள்வி கேட்டவர், பதில் சொன்னவர் இருவருக்கும் தெரியாத இடத்தில்தான் விடை இருந்தது.

“தப்பு என்னோடதுண்ணே” என்றேன்.

“தப்பு ஆருக்கன்னு பொறவு பாக்கலாம். நாளைக்கு வெடியதுக்கு முன்ன எல்லா வள்ளமும் எறங்கும். இது எங்கெல்லாம் கெடக்குன்னு அத முதல்ல சொல்லு.”

தவறு நடந்ததும் மன்னிப்புக் கேட்பதில் நேரம் செலவழிப்பது ஒரு வகைச் சுகம். நமக்குத்தான் சுகம், எதிரில் நிற்பவருக்கு இல்லை. அதை அவர் ஒரே வாக்கியத்தில் நிறுத்தினார்.

எனக்கு முன் இரண்டு வேலைகள் தெரிந்தன. ஒன்று, எல்லாவற்றையும் உடனே நீக்குவது. இரண்டு, நீங்காமல் எங்காவது தங்கிவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பது. இதற்குள் ஷைனி மூன்றாவதாக ஒன்றைச் செய்ய ஆரம்பித்திருந்தாள். குறும்பதிவில் ஓர் அறிவிப்பு எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினாள். “இன்று காலை வெளியான மீன் வீடியோவை யாரும் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.”

லாசர் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“எம்மா, தாயே! அதைப் போட்டியானா தேடாதவனும் தேடுவான்.”

“பின்ன என்ன செய்ய அண்ணே? பேசாம நீக்கிடலாமா?” என்று ஷைனி கேட்டாள்.

“நீக்கினா ஆருக்கெல்லாம் தெரியும்?”

நான் சொன்னேன். காலையில் அறுபத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். பாதிப் பேர் மீன் வாங்குகிறவர்கள், எங்கள் பக்கத்து ஆட்கள், கரையை வாசிக்கத் தெரியாதவர்கள். மீதிப் பேரில் கடற்கரை ஆட்கள் உண்டு. நான்கைந்து பேர் கீழே பேசிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வந்து பார்த்தால், வீடியோ இருந்த இடத்தில் “நீக்கப்பட்டது” என்று இருக்கும்.

லாசர் அண்ணன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

“நான் பாருல நிக்கும்போ வேற வள்ளம் ஒண்ணு அடுத்து வந்தா என்ன செய்வேன் தெரியுமா? நங்கூரத்த வாரி எடுத்திட்டு ஓட மாட்டேன். ஓடினா அவனுக்கு விளங்கிப்போவும், இங்க என்னவோ உண்டுன்னு. சத்தமில்லாம கயித்த விட்டிட்டு, தண்ணி இழுக்க ஒழுக்குல கொஞ்சம் தள்ளிப் போயி, ஒண்ணும் கெட்டாத ஆளு மாதிரி பீடி கத்திச்சிட்டு இருப்பேன். அவன் கைய காட்டுவான், நானும் காட்டுவேன். அவன் போவான்.”

“இப்பம் இந்த வீடியோவ எப்படி ஒழுக்குல விட?” என்று அக்கா கேட்டார்.

அதற்கு எனக்கு விடை தெரிந்திருந்தது. நம் வீடியோ செயலியில் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளேயிருக்கும் கோப்பை மட்டும் மாற்றலாம். முகவரி மாறாது, தலைப்பு மாறாது, கீழே இருக்கும் பேச்சுகள் மாறாது. நட்புச் சர்வர்களில் இருக்கும் பிரதிகளும் புதிய கோப்பையே எடுத்துக்கொள்ளும். நீக்கினால் காலியிடம் தெரியும். மாற்றினால், தேடிப் பார்ப்பவருக்கு மட்டும் தெரிகிற சின்னதாக ஒரு “திருத்தப்பட்டது” குறி. அது நேர்மைதானா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிலோமி அக்காவின் பதிவு, அதில் எது இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருடையது, குறியை நான் மறைக்கவில்லை. சரி என்று முடிவு செய்தேன்.

“அப்பம் அதே மீன வேற எடத்துல வச்சு எடுக்கணும்” என்றேன். “மீனு எங்கக்கா?”

“வித்துப்போச்சே மக்கா. கீழ ஓட்டலுக்காக்கும் குடுத்தேன்.”

ஷைனியும் அக்காவும் கீழே ஓடினார்கள். கலவாவின் உடல் துண்டுகளாகி அடுப்பேறிவிட்டது. தலை மட்டும் தனிக் கறிக்காக ஒரு தட்டில் இருந்தது. ஓட்டல்காரர், “தலைக்கு எதுக்கு வீடியோ? கல்யாணமா?” என்று கேட்டாராம். அக்கா தட்டைக் கையில் பிடித்து, “இது இன்னைக்குக் காலத்த எடுத்த கலவாயாக்கும், கண்ணப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு, வேணும்ன்னா இனி நாளைக்கு வாருங்க” என்று முப்பது நொடி பேசினார். பின்னால் ஓட்டல் சுவர்.

அவர்கள் மேலே வருவதற்குள் நான் ஒரு தாளில் அட்டவணை போட்டேன். நான்கு வரிசை, நான்கு செயலி. முதல் நிரலில் என்ன இருக்கிறது, இரண்டாவதில் நகல் எங்கே. லாசர் அண்ணன் அதைக் கூர்ந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் எந்தக் காட்சி இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். என் பேனாவை வாங்கி மூன்றாவதாக ஒரு நிரலை அவரே இழுத்தார்.

ஒலிச் செயலிக்கு எதிரே ஒன்றுமில்லை. வீடியோவுக்கு எதிரே இரண்டு கோடு. படச் செயலிக்கு எதிரே ஒரு கோடு. அக்கா பிடித்து நிறுத்திய காட்சியில் மணிக்கூண்டும் மலையும் மட்டும் தெரிந்தன.

“ஒரு கோடு மட்டும் வச்சிட்டு ஒருத்தனும் ஒண்ணும் செய்ய முடியாது. கரையில இருந்து நடுக்கடலு வரைக்கும் தேடணும். அது கெடக்கட்டும்” என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. படச் செயலியின் நகல்கள் பதினாறு சர்வர்களில் கிடந்தன. அவற்றை விட்டுவிடலாம் என்றால் பாதி வேலை குறையும். குறும்பதிவு வரிசைக்கு வந்தோம். அங்கே எட்டிப்பார்த்தது முன்தோற்றப் படம் மட்டும். வீடியோவின் நடுவிலிருந்து செயலி தானாகத் தேர்ந்தெடுத்தது. கூட்டாளி சிரிக்கும் காட்சி.

அவர் பேனாவால் அதற்கு எதிரே ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“பிள்ளே. இதுல ஒண்ணு. அதுல ஒண்ணு.”

தனித்தனியாக இரண்டும் வெறும் மீன் படங்கள். ஒரு செயலியில் ஒரு கோடு, இன்னொன்றில் மற்றது. இரண்டையும் பார்ப்பவர் கையில் முழுக் கணிச்சமும் இருக்கும். ஒவ்வொரு செயலியாகச் சோதித்து ஐந்து டிக் போட்டவள் நான். ஒரே ஆள் எல்லாச் செயலியிலும் இருக்கலாம் என்பது என் பட்டியலில் இல்லை.

இரண்டில் ஒன்றை உடைத்தால் போதும். எதை? குறும்பதிவின் முன்தோற்றப் படத்தை மற்றச் சர்வர்கள் சேமித்து வைத்துவிடும். நாம் கோப்பை மாற்றினாலும் பழைய படம் நாட்கணக்கில் அங்கே கிடக்கும், நம் சொல் கேட்காது. படச் செயலி அப்படியல்ல. நாம் அனுப்பும் திருத்தத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பதினாறு நகல்கள் என்று நான் பயந்ததுதான் கைக்குள் இருந்தது. ஒரே ஒரு படம் என்று அலட்சியமாக நினைத்ததுதான் கைமீறிப் போயிருந்தது.

படச் செயலியின் படத்தை மீன் தலைக்கு மாற்றினோம். வீடியோவையும் மாற்றினோம். பதினாறு சர்வர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினாறிலும் அக்கா தட்டோடு நின்றார். பிரதி வைத்திருந்த மூன்று சர்வர்களிலும் அப்படியே. அதற்குள் ஒருவர் கீழே எழுதியிருந்தார்: “காலத்த முழுசா இருந்துதே, இப்பம் தலை மட்டும் உண்டு. சேச்சி தின்னாச்சா?” அக்கா பதில் எழுதினார்: “ஆமா. நீ வரப் பிந்தினா அப்படித்தான்.” ஒருவரும் மேலே கேட்கவில்லை.

மணி மூன்று. முடிந்தது என்று நினைத்தேன். வழக்கப்படி கடைசியாக ஒரு தேடல் போட்டேன். வடக்கே வெகு தொலைவிலுள்ள ஒரு நாட்டின் வீடியோ சர்வரில், சின்னப் படகுகளின் வீடியோக்களைச் சேகரிக்கும் ஒருவர் நம் வீடியோவைக் காலையிலேயே தரவிறக்கித் தன் பெயரில் ஏற்றி வைத்திருந்தார். அது நம் பிரதி அல்ல, அவருடைய பதிவு. நாம் மாற்றினாலும் நீக்கினாலும் அதைத் தொடாது. முப்பத்தெட்டு நொடியும் முழுசாக இருந்தது. பார்த்தவர்கள் நான்கு பேர்.

அந்தச் சர்வரை நடத்துபவருக்கு எழுதினேன். எங்கள் உறுப்பினர் ஒருவரின் பிழைப்பு இந்த வீடியோவால் போகக்கூடும், காரணத்தை விளக்க இயலாது, நீக்க முடியுமா என்று கேட்டேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. அவர் பெயர் எனக்கு இன்றும் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. இந்த வேலையில் நான் பெற்ற மிகச் சரியான கடிதம் அதுதான். சாரம் இது:

நீக்குவதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் எங்கள் உறுப்பினர்களுக்கு நாங்கள் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறோம். வெளியார் கேட்டு எதை நீக்கினாலும், எதை நீக்கினோம், எந்தச் சர்வர் கேட்டது என்பதைப் பொதுப் பட்டியலில் எழுதுவோம். அந்தப் பட்டியலைப் பலர் ஆர்வமாகப் படிக்கிறார்கள். இந்த வீடியோவை இதுவரை நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். எது உங்கள் ஆளுக்கு நல்லது என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

விதியை எனக்காக வளைக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் இல்லை. இரண்டு பக்கத்தின் விலையையும் சொல்லிவிட்டு, முடிவை அது சேர வேண்டிய இடத்தில் வைத்தார்.

கடிதத்தை லாசர் அண்ணனுக்குச் சொன்னேன். அவர் கேட்டது மூன்று கேள்வி.

“அந்த நாட்டுல கடலு உண்டா?”

“உண்டுண்ணே.”

“அங்கத்த ஆளு நம்ம பள்ளியக் கண்டா தெரியுமா?”

“தெரியாது.”

“நம்ம ஆளு எவனாவது அங்க போயி கெடக்கானா?”

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நம் கடற்கரையிலிருந்து ஆட்கள் போகாத நாடு எது? தெரியாது என்றே சொன்னேன். ஒரு வருடத்துக்கு முன் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான்.

அவர் பிலோமி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

“கடல்ன்னா நான் செல்லுவேன்” என்றார் லாசர் அண்ணன். “இது ஒனக்க கடலு. நீ செல்லு.”

நான்கு பேர் பார்த்த ஒரு மூலை. பலர் படிக்கும் ஒரு பட்டியல். பட்டியலில் வந்தால், அமரவிளைச் சர்வர் எதற்காக ஒரு மீன் வீடியோவை உலகத்தின் அந்த முனையில் போய் நீக்கச் சொன்னது என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்பவர் தூரத்து ஆளாக இருப்பார். பதில் தேடுபவர் பக்கத்து ஆளாக இருக்கலாம்.

“விட்டுடலாம்ண்ணே” என்றேன்.

“விட்டாச்சுன்னா விட்டாச்சு” என்று அவர் எழுந்தார். “வாறோம்.”

அந்த நிர்வாகிக்கு நன்றி சொல்லி, எதுவும் செய்ய வேண்டாம் என்று எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. வேலை முடிந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கைமாற்றுக் கோப்பில் ஒன்பதாவது இனமாக ஒரு வரி இருக்கும்: “கடலில் எடுத்த எதுவும் ஏறுவதற்கு முன், கடலுக்குப் போகும் ஒருவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.” அது அன்று மாலை சேர்த்தது. அதன் அடியில், பிறகு, ரப்பர் தோட்டம், கல் குவாரி, வீட்டின் உள்பக்கம் என்று மூன்று இடங்களை ஷைனி சேர்த்திருக்கிறாள். என் மூன்றாவது கேள்வி அதுதான்: இதை யார் வாசிப்பார், நான் வாசிக்காத எதை? உங்களிடம் வரும் ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்காது. தெரியாதபோது, கோப்பைச் சோதித்துவிட்டு “யாருக்கும் தெரியாது, போடுங்கள்” என்று சொல்லாதீர்கள். “கோப்பில் இல்லை, படத்தில் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது” என்று சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு பதில்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தூரத்துச் சர்வருக்குப் போய் வீடியோவைத் திறந்து, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கவனித்தேன். முதல் வாரம் ஐந்து. இரண்டாவது வாரம் ஆறு. மூன்றாவது வாரம் ஏழு. யாரோ ஒருவர் வாரந்தவறாமல் வந்து அந்தக் கரையைப் படித்துக்கொண்டிருக்கிறார். லாசர் அண்ணனைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டேன். எண்ணை அழுத்துவதற்கு முன், எண்ணிக்கை கூடிய தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லாம் சனிக்கிழமை. வந்துகொண்டிருந்தவள் நான்தான்.

அன்றோடு நிறுத்தினேன். அந்த முகவரி கைமாற்றுக் கோப்பில் இல்லை. பதினெட்டாவது இனமாக வந்திருக்க வேண்டியது, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். தேடாதீர்கள்.

அந்தப் பார் இன்னும் அவருடையதுதானா என்று நான் லாசர் அண்ணனிடம் கேட்டதில்லை. கேட்டால் அவர் சொல்லவும் மாட்டார். நீங்களும் கேட்க வேண்டாம். பிலோமி அக்காவின் பதிவு காலை எட்டு மணிக்கு வரும். வந்த வரிசையில் காட்டுங்கள், அது போதும். கலவா பாறை இடுக்கில் கிடக்கும் மீன். பார் இல்லாத இடத்தில் கிடைக்காது.

இன்று காலைப் பதிவில் அவர் கூடையில் ஒரு கலவா இருந்தது. பின்னால் வெறும் சுவர்.